புது வீட்டுத் தோட்டத்தில் பாம்போடு வாழ ஒரு வழிகாட்டி

போன ஐப்பசியில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு போன் செய்தார். குளியலறையில் கட்டுவிரியன், அடித்துவிட்டோம், ஜோடி வருமா என்று குரல் நடுங்கக் கேட்டார். போய்ப் பார்த்தேன். ஒன்றரை அடி நீளத்தில் துடைப்பக்கட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது வெள்ளிக்கோல் வரையன். பல்லி பிடிக்கச் சுவரேறி வந்த, விஷமே இல்லாத பாம்பு. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வருடம் நான்காவது மாடியில் இருந்தவர், குழந்தைகள் வேறு பக்கத்தில் நிற்கிறார்கள், கருப்பாக வெள்ளைப் பட்டையோடு ஒன்று நெளிந்தால் என்ன செய்வார்? யாராவது முன்னாலேயே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்குக் கீழே பதினைந்து சென்ட் இடத்தில் பதினோரு வருடமாக இருக்கிறோம். தென்னை, வாழை, கொஞ்சம் காய்கறி, பத்துக் கோழி. இந்தப் பதினோரு வருடத்தில் தோட்டத்தில் எட்டு வகைப் பாம்பு பார்த்திருக்கிறோம், அதில் மூன்று ஆளைக் கொல்லக்கூடியவை. யாரும் கடிபடவில்லை. அதற்குக் காரணம் தைரியமோ அதிர்ஷ்டமோ இல்லை. சில பழக்கங்கள்தான். பாம்பைப் பிடிக்காதவர்களும் இதையெல்லாம் செய்யலாம்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வகைப் பாம்புகள் இருக்கின்றன, ஆனால் நம் சமவெளி ஊர்களில் உயிருக்கு ஆபத்தான கடியில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் வருபவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கையும் படம் பார்த்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகிவிடுங்கள். வீட்டில் எட்டு வயதுக்கு மேல் குழந்தை இருந்தால் அதற்கும் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

நல்ல பாம்பு படமெடுத்தால் யாருக்கும் தெரியும். படமெடுக்காமல் புல்லில் போகும்போதுதான் சாரையோடு குழம்பும். சாரைக்குக் கண் பெரியது, கழுத்து ஒல்லி, உதட்டோரம் கோடு கோடாகக் கருப்பு இருக்கும், பகலில்தான் நடமாடும், ஆள் அரவம் கேட்டதும் சர்ரென்று போய்விடும். ஐந்தாறு அடி நீளத்தில் பகல் பதினொரு மணிக்கு வேலியோரம் வேகமாக ஓடுவதைப் பார்த்தால் பெரும்பாலும் அது சாரையாகத்தான் இருக்கும். சாரையும் நாகமும் இணை சேரும் என்பது நம்மூரில் எல்லோரும் சொல்வது, ஆனால் நடப்பது அதுவல்ல. இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பதைப் பார்த்தால் அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், பலம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தூரத்தில் நின்று பாருங்கள், அரை மணி நேரம்கூட நடக்கும். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டேன்.

கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும்தான் அதிகம் குழம்புவது. கட்டுவிரியன் பளபளவென்று நீலம் கலந்த கருப்பு, மெல்லிய வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும், கழுத்துப் பக்கம் பட்டை மங்கி அல்லது இல்லாமலே இருக்கும், வால் நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையன் இதற்கு நேர் தலைகீழ்: கழுத்துப் பக்கம் பட்டை அகலமாகத் தெரியும், வால் பக்கம் மங்கிவிடும். உடலும் சின்னது, பெரும்பாலும் இரண்டு அடிக்குள். சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் ஏறுவது அதன் வழக்கம், கட்டுவிரியன் தரையோடு போகிற பாம்பு. இவ்வளவு தெரிந்தாலும், இரவில் ஒரு கருப்புப் பட்டைப் பாம்பைப் பார்த்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள். அடையாளம் தெரிந்துகொள்வது அடிக்காமல் இருப்பதற்காக, கையில் எடுத்துப் பார்ப்பதற்காக அல்ல.

கண்ணாடி விரியன் பருமனானது, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளிகள், முக்கோணத் தலை. கிட்டே போனால் குக்கர் விசில் விடுவதற்கு முன்னால் சீறுகிற மாதிரி நீளமாகச் சத்தம் போடும், அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டால் மறக்காது. மண்ணுளிப் பாம்பை இதுவென்று நினைத்து அடிக்கிறார்கள். மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் கலைந்திருக்கும், கண் சின்னது, தலையும் கழுத்தும் ஒரே அகலம், வால் வெட்டிவிட்ட மாதிரி கட்டையாக முடியும். சுருட்டை விரியன் ஓரிரண்டு அடிதான், வறண்ட கல்லாங்காட்டுப் பக்கம் இருக்கும், உடலைச் சுருட்டி உரசி அரம் தேய்க்கிற மாதிரி சத்தம் எழுப்பும். எங்கள் தோட்டத்தில் இதுவரை பார்த்ததில்லை.

நம் பக்கத்துத் தோட்டங்களில் பார்க்கும் மற்றவை பெரும்பாலும் பயப்பட வேண்டாதவை. தொட்டியிலும் வாய்க்காலிலும் தவளை பிடிக்கும் தண்ணீர்ப் பாம்பு கோபக்காரன், கடிக்கும், ஆனால் விஷமில்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தின் மேலேறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்கள். பாவம், விஷமில்லாத அந்தப் பாம்பு மரத்தில் ஏறுவதே ஓணானும் தவளையும் தேடித்தான். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அப்படித்தான், அதற்குப் பின்பல்லில் இருக்கும் லேசான விஷம் மனிதரை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. ஆனாலும் சீண்டாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பூந்தொட்டி மண்ணில் கிடைக்கும் புழுப்பாம்பு. மண்புழு என்றே நினைப்பீர்கள், அரை அடிகூட இருக்காது, கருப்பாகப் பளபளக்கும். காதுக்குள் நுழையும் என்று சொல்லி மிதித்துவிடுகிறார்கள். அது தின்பது எறும்பு முட்டையும் கரையானும். இந்த வகையில் இதுவரை கண்டறிந்தவை எல்லாமே பெண், ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகும், அப்படித்தான் தொட்டிச் செடிகளோடு பயணப்பட்டு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தொட்டி மாற்றும்போது மண்ணைக் கொஞ்சம் மெதுவாகக் கிளறத் தோன்றும்.

அடுத்தது, படுக்கிற இடம்

தோட்டத்தில் பாம்பு இருக்கலாம், வீட்டுக்குள் இருக்கக்கூடாது. இந்தக் கோட்டை மட்டும் உறுதியாகப் போடுங்கள்.

கட்டுவிரியன் இரவில்தான் திரியும், தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கும், கடித்த இடம் வலிக்காது, வீங்காது, பலருக்குக் கடித்ததே தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, கண் இமை தூக்க முடியவில்லை என்று ஆரம்பிக்கும், அதற்குள் நேரம் போயிருக்கும். ஆகவே தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள். கொசுவலை பாம்புக்கும் வேலிதான். வேலை செய்ய வந்து தங்குபவர்கள், வாட்ச்மேன், மோட்டார் ரூமில் படுப்பவர்கள் இவர்களுக்கும் கட்டிலும் வலையும் வாங்கிக் கொடுங்கள். கடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், வீட்டுக்காரர் இல்லை.

கதவுக்கு அடியில் சுண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் சின்னப் பாம்பு நுழையும். கீழே ரப்பர் பட்டை வைத்து அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு ஜாலி, கழிவுநீர்க் குழாய் முனைக்கு வலை, ஏசி குழாய் போன துவாரத்துக்கு சிமென்ட். ஜன்னலைத் தொடும் கிளைகளையும், சுவரில் படர்ந்த கொடியையும் ஒரு முழம் தள்ளி வெட்டிவிடுங்கள். சனிக்கிழமை ஒரு நாள் போதும், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் ஆகும்.

தோட்டத்தை எப்படி வைத்துக்கொள்வது

பாம்பு முதலில் வருவது இரைக்காகத்தான். எலி எங்கே இருக்கிறதோ அங்கே சாரையும் நாகமும் விரியனும் வரும். கோழித்தீவனத்தை இறைத்துவிட்டு, மூட்டையைத் திறந்தே வைத்துவிட்டு, மிச்சச் சோற்றைச் சுவரோரம் கொட்டிவிட்டு பாம்பு வருகிறது என்று புலம்பிப் பயனில்லை. தீவனம் மூடியுள்ள தகர டின்னில், சிந்தியது அன்றே கூட்டப்பட வேண்டும். வீட்டை ஒட்டி மட்டும் எலியைக் குறையுங்கள், தோட்டத்துக் கடைக்கோடியில் இருக்கும் எலியைச் சாரையிடம் விட்டுவிடுங்கள். எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள், மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் பாம்பும் சேர்ந்து போகும், பிறகு எலிதான் முதலில் திரும்பி வரும், மூன்று வாரத்துக்கு ஒரு ஈற்று என்று.

விறகு, செங்கல், உடைந்த ஓடு, தென்னை மட்டை இவற்றை வீட்டுச் சுவரில் சாய்த்து வைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் செய்தேன், இரண்டாவது வருடம் மழைக்கு முன்னால் மட்டைக் குவியலைக் கையால் இழுத்தபோது அடியில் கண்ணாடி விரியன் சீறியது, என் கைக்கும் அதற்கும் ஒன்றரை அடி. இப்போது குவியல் எல்லாம் வேலிக்கடியில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கல் மேல் கட்டை போட்டு அடுக்கியிருக்கிறோம், இழுப்பதென்றால் நீளக் கொக்கிக் கம்பியால்தான் இழுப்போம். அந்த மூலை பாம்புகளுக்கு என்றே விட்டுவிட்டோம். ஒளிய ஒரு இடம் அங்கே இருந்தால் இங்கே வந்து ஒளிய வேண்டியதில்லை.

மூடாக்கு (செடியடியில் சருகு பரப்புவது) போடுகிறவர்கள் கவனிக்க: இயற்கை விவசாயத்தில் மூடாக்கு நல்லதுதான், நானும் போடுகிறேன். ஆனால் நடக்கிற பாதையிலும் வாசலைச் சுற்றிப் பத்தடிக்கும் வேண்டாம். அங்கே தரை வெறுமையாக, பெருக்கியதாக, இரவில் விளக்கு விழுவதாக இருக்க வேண்டும். நம் பாட்டிமார் முற்றத்தைச் சாணம் தெளித்துத் தினமும் பெருக்கி வைத்ததில் இந்தப் பயனும் இருந்தது, தரையில் கிடக்கும் எதுவும் உடனே கண்ணில் படும். எருக்குழியின் வெதுவெதுப்பில் பாம்பு முட்டையிடும். எருவை வெறுங்கையால் அள்ளாதீர்கள். முட்டை கண்டால் அப்படியே மூடிவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு மூன்று மாதம் விட்டுவிடுங்கள், வீட்டுக்கு ரொம்பப் பக்கம் என்றால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

இப்போது வலை. இதைக் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். கோழிக்கும் காய்கறிக்கும் வேலியாக மலிவு நைலான் வலையை, பழைய மீன்வலையைத் தரையோடு கட்டாதீர்கள். பாம்பு தலையை நுழைத்துவிடும், செதில் பின்னோக்கி இருப்பதால் திரும்ப எடுக்க முடியாது, நெளிய நெளிய இறுகும். ஒரு சித்திரை மாதம் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது எங்கள் பாகல் பந்தல் வலையில் ஆறடிச் சாரை வெயிலில் காய்ந்து தொங்கியது. மூன்று வருடமாக எங்கள் தோட்டத்தில் பார்த்துப் பழகிய பாம்பு, நடு வாலில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததால் அதுதான் என்று தெரிந்தது. அன்றைக்கே வலையை எல்லாம் அவிழ்த்தேன். விறைப்பான கம்பி வலை போடுங்கள், அல்லது துணி வலையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி கீழே தகரமோ மூங்கில் தட்டியோ வையுங்கள். சிக்கிய பாம்பை உயிரோடு கண்டால் நிழலுக்கு ஒரு ஈரச் சாக்கைத் தூரத்திலிருந்து குச்சியால் மேலே போட்டுவிட்டு, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பரைக் கூப்பிடுங்கள். நீங்களே வெட்டி விடப் போகாதீர்கள்.

கையும் காலும்

இருட்டியபின் டார்ச் இல்லாமல் வாசல்படி தாண்டக்கூடாது. போன் வெளிச்சம் போதாது, நல்ல டார்ச் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுங்கள், சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பது ஒருவரின் வேலையாக இருக்கட்டும். தோட்ட வேலைக்கு கம்பூட்ஸ். வெளியே விட்ட செருப்பையும் பூட்ஸையும் உதறிவிட்டுப் போடுங்கள். கண் பார்க்காத இடத்தில் கை போகக்கூடாது: புதர், பொந்து, தண்ணீர் மீட்டர் குழி, கவிழ்த்து வைத்த பானை. தரையைத் தட்டி நடந்தால் அந்த அதிர்வு பாம்புக்குத் தெரியும், பெரும்பாலும் விலகிவிடும். ஆனால் கண்ணாடி விரியன் விலகாமல் படுத்தே கிடக்கும், அதனால் தட்டி நடப்பது டார்ச்சுக்குப் பதிலாகாது.

ஆனி, ஆடி மாதங்களில் குட்டிகள் அதிகம். கண்ணாடி விரியன் முட்டையிடாது, ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டி போடும், பிறந்த அன்றே அவற்றுக்கு விஷம் உண்டு. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் பொந்துகளில் தண்ணீர் நிரம்பி எல்லாம் மேட்டுக்கு ஏறி வரும், அந்த மேடு பல நேரம் நம் வாசல்தான். இந்தக் காலங்களில் கூடுதல் கவனம்.

கண்ணில் பட்டால்

நில்லுங்கள். பிறகு மெதுவாகப் பின்னால் நகருங்கள். பாம்பு தன் உடல் நீளத்தில் பாதிக்குமேல் பாய்ந்து கொத்துவது அரிது, ஆகவே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் பயமில்லை. நாயைக் கட்டுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள், தூரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். தோட்டத்தில் போய்க்கொண்டிருக்கும் பாம்பை, அது எதுவானாலும், போக விடுங்கள். பத்து நிமிடத்தில் காணாமல் போயிருக்கும்.

வீட்டுக்குள்ளே வந்துவிட்டால், அல்லது விரியனோ நாகமோ வாசலை ஒட்டியே நாள்கணக்கில் தங்கினால், அப்போது மீட்பரைக் கூப்பிட வேண்டியதுதான். அந்த அறைக் கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணி செருகி, ஜன்னல் வழியாக அது எங்கே இருக்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மீட்பர் வருவதற்குள் அது எங்கோ புகுந்துவிட்டால் பாதி வீட்டைக் கலைக்க வேண்டிவரும். வனத்துறை எண்ணையும் உள்ளூர் மீட்பர் எண்ணையும் குடிவந்த வாரமே வாங்கி எழுதி ஒட்டுங்கள், தீயணைப்புத் துறையும் (101) வருவார்கள். பிடித்த பாம்பை வெகுதூரம் கொண்டுபோய் விடச் சொல்லாதீர்கள், இடம் தெரியாமல் அலைந்து அது சாகக்கூடும், இங்கேயும் இரை இருக்கிறவரை இன்னொன்று வரும். அடிப்பதோ பிடித்து வைத்துக்கொள்வதோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பூண்டு, பெருங்காயம், பினாயில், உப்பு, சிறியாநங்கைச் செடி, கடையில் விற்கும் பொடிகள்: எதற்கும் பாம்பு ஓடாது. நான் சிறியாநங்கை வளர்க்கிறேன், அதன் நிழலிலேயே தண்ணீர்ப் பாம்பு சுருண்டு கிடக்கும். புற்றுக்குப் பால் ஊற்றுவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை, பாம்பு பால் குடிக்காது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்றை அடித்தால் ஜோடி பழிவாங்க வரும் என்பதும் கிடையாது.

கடித்துவிட்டால்

இதைத் தவிர்த்துவிட்டுப் பாம்பை ரசிப்பது பற்றிப் பேசுவது நேர்மையில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு சொல்கிறது, ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள்.

கடிபட்டவரை உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கை காலை ஒரு கட்டையோடு சேர்த்து, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போல, அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலை, மந்திரம், கல் என்று ஒரு நிமிடமும் போக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அது வரத் தாமதமாகும் என்றால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம், மருந்து நான்கு பாம்புக்கும் ஒன்றுதான். மருத்துவமனையில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஒரு நாளாவது வைத்திருப்பார்கள். கடித்தும் விஷம் இறங்காமல் போவது உண்டு, ஆனால் அது இதுதான் என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டாதீர்கள். இப்போதே ஒருநாள் போய், பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் விஷமுறிவு மருந்தும், மூச்சுக்கு வெண்டிலேட்டரும் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

அந்த மருந்துக்கான விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் நடத்தும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்கு அதில் பெரிய பங்கு. தோலுக்காகப் பாம்பு பிடிப்பது சட்டப்படி நின்றுபோன பிறகு 1978-ல் தொடங்கியது. வயல்களில் பிடித்து, சில வாரம் பானைகளில் வைத்து விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்மைக் காப்பாற்றும் மருந்தே நம் வரப்போரப் பாம்பிலிருந்து, அவர்கள் கையால் வருகிறது.

ஒரு நோட்டு

கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில் டார்ச்சோடு ஒரு நோட்டும் தொங்கட்டும். தேதி, நேரம், எந்த இடம், என்ன பாம்பு, எந்தப் பக்கம் போனது. உரித்த சட்டை கிடைத்தாலும் எழுதுங்கள், முழுதாகக் கிடைத்தால் தலைப்பக்கம் கண்ணுக்கு மேல் இருந்த கண்ணாடி மாதிரியான செதில்கூடத் தெரியும், முதுகு நடுவில் ஒரு வரிசை மட்டும் பெரிய அறுகோணச் செதிலாக இருந்தால் கட்டுவிரியனாக இருக்கலாம். சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கும், பார்த்துப் பதறாதீர்கள்.

இரண்டு மழைக்காலம் எழுதியதும் எங்களுக்கு ஒன்று புரிந்தது. வாய்க்காலிலிருந்து கிணற்றடி வழியாக விறகு மூலைக்கு ஒரே தடத்தில்தான் பாதிப் பாம்புகள் போய் வருகின்றன, அதுவும் பெரும்பாலும் விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு. மாலையில் பாத்திரம் கழுவும் குழாய் சரியாக அந்தத் தடத்தின் மேல் இருந்தது. பிளம்பரைக் கூப்பிட்டு எட்டடி தள்ளி, சமையலறைச் சுவர்ப் பக்கம் குழாயை மாற்றினோம். எழுநூறு ரூபாய் ஆனது.